புக்கிட் காயு ஹீத்தாமுக்கு அப்பால்

ஜொகூர் பாருவில் தொடங்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை கெடா மாநிலத்தின் புக்கிட் காயு ஹீத்தாமில் முடிகிறது. அதற்கு அப்பாலும் சாலை இருக்கிறது. ஆனால் அது வேறொரு நாட்டின் சாலை. குடிநுழைவுத் துறையின் முகப்பையும் சுங்கச் சோதனையையும் கடந்தால் டானோக் என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் ஹாட்யாய் நகரம். சுங்கை பட்டாணியிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணம் செய்தால் தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள மிகப் பெரிய வணிக நகரத்தை அடைந்துவிடலாம். அது கோலாலம்பூருக்குச் செல்லும் தொலைவில் பாதிதான். வானூர்திச் சீட்டு வாங்க வசதியில்லாத பலருக்கும் 'வெளிநாடு' என்றால் இந்தச் சாலைதான் நினைவுக்கு வரும்.

இந்த எல்லை பழைமையானதன்று. 1909ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனும் சயாமும் பேங்காக்கில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவை சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனிடம் வந்தன. கெடாவின் பகுதியாக இருந்த செத்துல் சயாமிடமே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இந்த நான்கு மாநிலங்களையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தனர். 1943 முதல் 1945 வரை கெடாவில் வாழ்ந்தவர்கள், வீட்டைவிட்டு ஓரடி நகராமலேயே தாய்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். மனிதர் எல்லையைக் கடப்பதுபோல் எல்லையும் மனிதரைக் கடந்துபோவது உண்டு!

கெடாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குப் பயணம் நெடுங்காலம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டி, நண்பகலுக்குமுன் பாலைச் சேகரித்து நிறுவைக்குக் கொண்டுசெல்வதே அன்றாட வாழ்க்கை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு லாரியில் செல்வதே பல குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரே நெடும்பயணம். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் ஊரடங்கும் சாலைச் சோதனையும் தோட்டங்களைச் சூழ்ந்தன. இன்று நாம் பையில் வைத்திருக்கும் அடையாள அட்டையே அந்த அவசரகாலத்தில் பிறந்ததுதான். பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் போன்ற நகரங்களில் குடியேறிய அடுத்த தலைமுறையினர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பெற்றனர். வீட்டு வாசலில் மகிழுந்து நின்றது. பள்ளி விடுமுறையில் வடக்கே செல்வது இயல்பான ஒன்றாயிற்று.

அந்த இயல்பு 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நின்றுபோனது. கோவிட்-19 பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. மலேசியர் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. சரக்கு லாரிகள் தொடர்ந்து சென்றுவந்தபோதும் சுற்றுலாப் பயணிகளுக்குப் புக்கிட் காயு ஹீத்தாம் மூடப்பட்டது. மலேசிய வாடிக்கையாளரை நம்பியே வாழ்ந்த டானோக் கடைத்தெரு வெறிச்சோடியது.

வெளிநாட்டு எல்லை மட்டுமன்றி மாநில எல்லையும் சுவராக மாறியதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர். கூலிமில் குடியிருந்து பினாங்கில் வேலை செய்பவர் முதலாளியின் கடிதத்தைச் சாலைத் தடுப்பில் காட்ட வேண்டியிருந்தது. மூடா ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பெற்றோரைப் பார்க்க இயலாமல் பிள்ளைகள் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டனர். 2020 ஜூன் 10இல் கட்டுப்பாடு தளர்ந்தது. 2021 ஜனவரியில் மீண்டும் இறுகியது. அவ்வாண்டு ஜூன் மாதம் நாடு முழுவதும் முடக்கம் கண்டது. செப்டம்பர் 16இல் லங்காவி மட்டும் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் கடக்க அக்டோபர் 11ஆம் நாள்தான் அனுமதி கிடைத்தது. நாட்டின் எல்லைகள் முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் முதல் நாளில். கணக்கிட்டால் இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களும் ஆகும்.

ஏப்ரல் முதல் நாளன்று மகிழ்ச்சியோடு புறப்பட எண்ணியவர்களுக்கு ஓர் உண்மை தெரியவந்தது. எல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரு பக்கமும் உண்டு. மலேசியா திறந்துவிட்டது, தாய்லாந்தோ 'தாய்லாந்து பாஸ்' என்னும் இணையப் பதிவையும் மருத்துவக் காப்புறுதியையும் தொடர்ந்து கேட்டது. மே மாதத்தில் தடுப்பூசி போட்டவர்களுக்கான பரிசோதனை நீக்கப்பட்டு, காப்புறுதித் தொகை 10,000 அமெரிக்க டாலராகக் குறைக்கப்பட்டது. ஜூலை முதல் நாளில்தான் அந்தப் பதிவு முறையே கைவிடப்பட்டது. அதற்குள் வேறொரு தடையும் முளைத்திருந்தது. இரண்டு ஆண்டு முடக்கத்தில் காலாவதியான கடப்பிதழ்களைப் புதுப்பிக்க, நாடெங்கும் குடிநுழைவுத் துறை அலுவலகங்களின் முன் விடியும் முன்பே மக்கள் வரிசை பிடித்தனர்.

இனி, சுங்கை பட்டாணியில் வாழும் ஒரு குடும்பம் தன் சொந்த வாகனத்தில் தாய்லாந்துக்குச் செல்லத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி என ஐவர். பெரும்பாலோர் விடுதியைத் தேடுவதில் தொடங்குவார்கள். அதைவிட, கிடைக்க அதிக நாளாகும் ஒன்றை முதலில் கவனிப்பதே அறிவுடைமை. அதுதான் கடப்பிதழ். பயண நாளில் அது இன்னும் 6 மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இதற்கான கட்டணம் 200 ரிங்கிட். மூத்த குடிமக்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100 ரிங்கிட். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

பாட்டியின் நிலை வேறாகவும் இருக்கலாம். இந்நாட்டிலேயே பிறந்திருந்தும், பிறப்புப் பதிவு இல்லாமையாலோ உரிய காலத்தில் விண்ணப்பிக்காமையாலோ குடியுரிமை பெறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை அடைந்தவர்கள் தோட்டப்புறங்களில் உண்டு. சிவப்பு அட்டை நிரந்தரக் குடியிருப்பாளருக்கு உரியது. அதை வைத்து மலேசியக் கடப்பிதழ் பெற இயலாது. எல்லாரும் புறப்பட்டபின் எல்லை முகப்பில் இதை அறிவதைப் போன்ற துயரம் வேறில்லை. பாட்டி ஒருவரை மட்டும் வீட்டில் விட்டுச் செல்வதா, அல்லது பயணத்தை மாற்றுவதா என்பதை அக்குடும்பம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். அதோடு, குடியுரிமைக்கான விண்ணப்பத்தைத் தேசியப் பதிவுத் துறையில் அளிக்கவும் இதுவே ஒரு தூண்டுதலாகலாம். பயணத் திட்டம் ஒன்று இப்படி வேறொரு நல்ல வேலையைத் தொடங்கி வைப்பதும் உண்டு.

அடுத்தது வாகனம். ஆசியான் நாடுகள் 1985ஆம் ஆண்டு கோலாலம்பூரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மலேசிய ஓட்டுநர் உரிமம் தாய்லாந்தில் ஏற்கப்படுகிறது. இரு நாடுகளிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமே செல்வதால் ஓட்டுவதும் கடினமன்று. காப்புறுதியில்தான் பலர் கவனம் தவறுகின்றனர். மலேசியாவில் எடுத்த வாகனக் காப்புறுதி தாய்லாந்தில் தானாகச் செல்லாது. கூடுதல் கட்டணம் செலுத்தி அதை நீட்டிக்க வேண்டும். எல்லையருகே கடைகளில் விற்கப்படும் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி, விபத்தில் காயமடைந்தவர்களுக்கு மட்டுமே உதவும். நசுங்கிய வாகனத்துக்கு ஒரு காசும் தராது. வாகனத்தின் உரிமைச் சான்று கையில் இருக்க வேண்டும். அது வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய ஒப்புதல் கடிதமும், வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும் கேட்கப்படலாம். சித்தப்பாவின் மகிழுந்தை இரவல் வாங்கிச் செல்ல எண்ணுபவர்கள் இதை மறக்கக்கூடாது. 2025 மே முதல் நாளிலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்பதும் சேர்ந்துள்ளது. அதை நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை.

விதிகளைவிடக் கடுமையாகப் பயணத்தைக் குலைக்கக்கூடியது மழை. ஹாட்யாய் தாழ்வான நிலத்தில் அமைந்த நகரம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று தாய்லாந்து வளைகுடாவிலிருந்து பெருமழையைக் கொண்டுவரும். 2010 நவம்பர் தொடக்கத்தில் ஹாட்யாயும் கெடாவும் பெர்லிசும் ஒரே நேரத்தில் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியும் அலோர் ஸ்டார் வானூர்தி நிலையமும் மூடப்பட்டன. அங்கே சிக்கியவர்களுக்குத் திரும்பி வரவும் பாதையில்லை. 2025 நவம்பர் 21ஆம் நாள் ஹாட்யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஆயிரக்கணக்கான மலேசியர் விடுதிகளின் மேல்மாடிகளில் மின்சாரமும் உணவும் குன்றிய நிலையில் காத்திருந்தனர். படகுகளிலும் உயரமான லாரிகளிலும் அவர்கள் மீட்கப்பட்டனர்.

பெருந்தொற்றுக்குப்பின் சில ஆண்டுகள் நம் பள்ளி ஆண்டு மார்ச்சிலும் பின்னர்ப் பிப்ரவரியிலும் தொடங்கியது. 2026 முதல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியுள்ளது. ஆகவே ஆண்டிறுதி நீண்ட விடுமுறை மறுபடியும் மழைக்காலத்திலேயே அமைகிறது. ஆண்டிறுதிக்குப் பதிலாக ஆண்டின் நடுவில் வரும் விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சீனப் புத்தாண்டையொட்டிய நீண்ட வார இறுதிகளில் எல்லையில் பல மணி நேரம் காத்திருக்க நேரிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காலம் முடிவானபின் வழி. கெடாவுக்குப் புக்கிட் காயு ஹீத்தாம் மட்டுமே வாசல் என்பதில்லை. கோல நெராங் வழியாகப் பாடாங் தெராப் மாவட்டத்துக்குள் சென்றால் டுரியான் புரோங் எல்லைச் சாவடி இருக்கிறது. காடும் குன்றும் பெடு ஏரியும் அமைந்த அமைதியான வழி அது. ஆனால் அச்சாலை தாய்லாந்தின் நா தவி மாவட்டத்தை அடைகிறது. 2004 முதல் தென் தாய்லாந்தில் தொடரும் வன்முறையால் யாலா, பத்தானி, நராதிவாட் மாநிலங்களோடு சொங்க்லாவின் நா தவி உள்ளிட்ட சில மாவட்டங்களும் எச்சரிக்கைப் பட்டியலில் இடம்பெற்று வந்துள்ளன. அழகான வழி என்பதாலேயே அது ஏற்ற வழி ஆகிவிடாது. வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்ப்பது நலம்.

மூன்றாவது வழி பாலிங்கிலிருந்து பேராவின் பெங்காலான் ஹூலு வழியாகப் பெத்தோங்குக்குச் செல்வது. மலைச்சரிவுகளில் வளைந்து செல்லும் இச்சாலை வரலாற்றுச் சாலையும்கூட. 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் பாலிங் பள்ளி ஒன்றில் துங்கு அப்துல் ரஹ்மானும் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சின் பெங்கும் சந்தித்துப் பேசினர். பேச்சு முறிந்தது. காட்டுக்குத் திரும்பிய போராளிகள் பின்னாளில் பெத்தோங் வட்டாரத்தில் தங்கினர். அவர்கள் தோண்டிய பியாமிட் சுரங்கப் பாதை இன்று சுற்றுலாத் தலம். பாலிங்கில் கிட்டாத அமைதி 34 ஆண்டுகளுக்குப்பின் 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் கையெழுத்தானது. பெத்தோங் யாலா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் மேற்கூறிய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

பாட்டியும் பிள்ளைகளும் கொண்ட நம் குடும்பத்துக்கு ஏற்றது முதல் வழிதான். விடியலில் புறப்பட்டால் இடப்பக்கம் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை மேகத்தைப் போர்த்தி நிற்கும். குரூணைக் கடந்ததும் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நெல்வயல்கள் அடிவானம்வரை விரியும். ஜித்ரா, சங்லூன், பின்பு எல்லை. சாடாவில் நுழைந்ததும் இருமருங்கும் பால்மரங்கள்! உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைவிக்கும் நாடு தாய்லாந்து. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சாலையோரம் இறங்கி, அங்கே பட்டையில் கோடு எப்படிக் கீறப்பட்டிருக்கிறது, கோப்பை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறாத காட்சி இது. பாட்டியால் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல முடிந்த காட்சியும் இதுதான். ஹாட்யாயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் சொங்க்லா கடற்கரையும் பேரேரியும் உள்ளன. இன்னும் வடக்கே பத்தாலுங் மாநிலத்தில், தலே நொய் பறவைகள் சரணாலயத்தின் நீர்ப்பரப்பின்மேல் 5 கிலோமீட்டருக்கும் கூடுதலாக நீளும் பாலத்தில் செல்லும்போது நீர் எருமைகளையும் தாமரைக் கொடிகளையும் காணலாம்.

துணிவுள்ளவர்கள் இன்னும் தொலைவு செல்ல விரும்புவார்கள். புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகச் செல்வது ஆசிய நெடுஞ்சாலை 2. வரைபடத்தில் அது தாய்லாந்தையும் மியன்மாரையும் ஊடுருவி, இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்திலுள்ள மோரேயை அடைகிறது. மோரேயில் தமிழர் வாழ்கின்றனர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1962க்குப் பின் பர்மாவிலிருந்து வெளியேறி இந்தியா சேர்ந்தவர்களுள் சிலர், மீண்டும் பர்மாவுக்கே செல்ல முயன்று எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே குடியமர்ந்தனர். அந்த எல்லைச் சாவடி வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2018 ஆகஸ்டில்தான் முறையாகத் திறக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்று, 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு, 2023 மே முதல் மணிப்பூரில் கலவரம் என அடுத்தடுத்து வந்தன. கெடாவிலிருந்து தமிழகத்துக்கு மகிழுந்திலேயே செல்லும் கனவு இப்போதைக்கு வரைபடத்தோடு நிற்கிறது. கிழக்கே கம்போடியா செல்லும் வழியும் 2025ஆம் ஆண்டின் தாய்லாந்து–கம்போடியா எல்லை மோதலால் அடைபட்டது. ஹாட்யாயில் எல்லாம் அமைதியாக இருந்தும், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பது ஒருவரின் பயணத்தை நிறுத்திவிடலாம்.

இவ்வளவு ஐயங்களுக்கு இடையே பணத்தை எப்படிச் செலவிடுவது? கட்டணமின்றி இரத்து செய்யக்கூடிய விடுதியையே பதிவு செய்ய வேண்டும். அதன் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், அந்தக் கூடுதல் தொகை காப்புறுதி செலுத்துவதைப் போன்றது. மூன்று இரவுக்கும் சேர்த்து முன்பணம் கேட்கும் மலிவான விடுதி உண்மையில் மலிவானதன்று. கையிருப்பில் இரண்டு நாள் கூடுதல் செலவுக்கான தாய்லாந்து பாட்டும், பாட்டிக்கு ஒரு வாரத்துக்கான மருந்தும் இருக்கட்டும். சொங்க்லாவிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றி ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும். வெள்ளத்தில் முதலில் போவது மின்சாரம்.

எல்லை அடைபட்டாலோ பாட்டியின் கடப்பிதழ் கிடைக்காமல் போனாலோ எடுத்துக்கொள்ள மாற்றுத் திட்டம் ஒன்றும் அதே தாளின் மறுபக்கத்தில் இருக்கட்டும். கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் கெடா மக்கள் கற்றுக்கொண்டது இது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல்தளமும் உள்ளன. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் வந்த கடாரம் என்று அறியப்படும் நிலம் இதுவே. ஜெராய் மலைமீது மகிழுந்திலேயே ஏறலாம். மறுநாள் பாலிங்கின் ஊலு லெகோங் வெந்நீர் ஊற்று. சுங்கை பட்டாணியிலிருந்து இவை யாவும் ஒருநாள் தொலைவு. எந்த அட்டையும் கேட்கப்படாது.

எல்லை கடந்து சென்றவர்கள் திரும்பும் நாளில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தாய்லாந்தின் நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. ஹாட்யாய் சந்தையில் மாலை 5 மணி என்று நிதானமாகப் பழம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, புக்கிட் காயு ஹீத்தாமில் 6 மணி ஆகியிருக்கும். மறுநாள் காலையில் பள்ளி என்றால், வீடு சேரும் நேரத்தை மலேசியக் கடிகாரத்தில் கணக்கிட்டுப் புறப்பட வேண்டும்.